பிள்ளை ஏக்கத்தைத் திகில் கதையாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிள்ளை இல்லாத ஏக்கத்தையோ, பெற்ற பிறகு வரும் அச்சத்தையோ வைத்துத் திகில் சிறுகதை எழுத முனைபவர்களின் கைப்பிரதிகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இடறுகின்றன. எழுதுபவர் முதலில் பேயைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். பிறகு அதற்கு இரையாக ஒரு தம்பதியைத் தேடிப் பிடிக்கிறார். அப்படிப் பிறக்கும் கதையில் அந்தத் தம்பதியை எடுத்துவிட்டு ஒரு திருடனை வைத்தாலும் எதுவும் மாறுவதில்லை.

ஆகவே இங்கே பேய் மிகவும் தாமதமாகத்தான் வரும். சில சமயம் வராமலேயே போகும். ஆசை, வீடு, பொருள், விதி, விலை, முடிவு என்ற வரிசையில் முடிவெடுத்து, அதன் பிறகே எழுத உட்கார வேண்டும். மூவாயிரம், நாலாயிரம் சொற்களில் முடியும் சிறுகதையை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒரு நாட்காட்டி. பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டில் காலம் மற்ற வீடுகளைப் போல் ஓடுவதில்லை. அது மாதவிலக்கிலிருந்து மாதவிலக்குக்கு எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கு எழுதுபவரிடம் இல்லாவிட்டால், கதை மாந்தரிடமும் இருக்காது.

இரண்டாவது, மருத்துவ விவரங்கள் எழுதிய ஒரு பக்கம். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு கதையில் வருமானால், ஊசிகள் ஏறக்குறைய 10 முதல் 12 நாள் வரை போகும் என்பதும், கடைசி ஊசிக்குப் பின் சுமார் 34 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை எடுக்கப்படும் என்பதும், கரு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பையில் வைக்கப்படும் என்பதும், அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கதையில் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு வாரக் காத்திருப்புக்குள் எந்தப் பேயும் செய்ய முடியாத வேலையை ஒரு கழிப்பறைக் கதவு செய்துவிடும் என்பது, அந்தக் கணக்கு தெரிந்தவருக்கு மட்டுமே புலப்படும்.

மூன்றாவது, சட்டம். கதை இந்தியாவில் நடந்தால், ஸ்கேன் அறையில் மருத்துவர் “ஆண் குழந்தை” என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது; கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த மீறலே கதையின் குற்றமாக இருந்தாலன்றி அந்த வரியை எழுதக் கூடாது. 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி இச்சிகிச்சைக்குப் பெண்ணின் வயது 21 முதல் 50 வரை, ஆணின் வயது 21 முதல் 55 வரை. உறைநிலையில் வைக்கும் கருவை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தப் பத்தாம் ஆண்டின் கடைசி மாதத்தை மட்டும் வைத்து ஒரு கதை எழுதலாம். இதுவரை யாரும் எனக்கு அப்படியொன்றை அனுப்பவில்லை.

நான்காவது, கேட்ட பேச்சுகள் எழுதிய நோட்டு. இதைப் பற்றி 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. ஆசையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“அவளுக்குக் குழந்தை வேண்டும்” என்பது ஆசை அல்ல, தலைப்பு. அந்தக் குழந்தை வந்தால் அவளுக்கு எது நின்றுபோகும், எது தொடங்கும் என்பதுதான் ஆசை. கொழுந்தியாளின் வளைகாப்பில் வளையல் பூட்டத் தன்னை மட்டும் அழைக்காமல் விட்டதைப் போன்ற ஒரு நாள் இனி வரக் கூடாது என்பது ஒருத்தியின் ஆசையாக இருக்கலாம். இறந்துபோன தன் தாயின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது வேறொருத்தியுடையது. தன் பெயருக்குப் பின் எவரும் இல்லை என்று ஊரார் சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஆணுடையது முற்றிலும் வேறு.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திகில் பின்னால் எந்த வழியாக நுழையும் என்பதை இந்த வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. முதலாமவளுக்குக் குழந்தை வந்த பிறகும் அழைப்பு வராது. இரண்டாமவளுக்கு அந்த முகம் உண்மையாகவே வரும், வயதோடு.

3. குழந்தை யாருக்கு வேண்டும் என்று வீட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில் குழந்தை வேண்டியிருப்பதில்லை. கணவன், மனைவி, மாமியார், சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் பாட்டி என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். யார் கேட்கிறார், யார் பயப்படுகிறார், யார் வேண்டாம் என்று நினைத்தும் சொல்லாமல் இருக்கிறார் என்பது தெரிந்தால், பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

புதியவர்கள் கணவனை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் மாலையில் வந்து, “உனக்கு மனப்பிரமை” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறான். இது சோம்பல். குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம். அதை அறிய ஓர் எளிய விந்துப் பரிசோதனை போதும். அந்த ஒரு பரிசோதனைக்குப் போகாமல் மனைவியை மட்டும் ஐந்தாறு கோயிலுக்கும் நான்கு மருத்துவமனைக்கும் அழைத்துப் போகும் ஆண், எந்த முனியையும் விட அச்சம் தருபவன்.

இங்கேயே ஒரு கண்டிப்பும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இல்லாதவளையே பிள்ளை பிடிக்கும் பேயாக்கி எழுதப்படும் பிரதிகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஊர் அவள் மேல் ஏற்றிய பழியைக் கதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது போலாகிவிடும்; அதில் வாசகருக்குப் புதிய பயமும் கிடைப்பதில்லை.

4. பேய்க்கு முன் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கையால் தொடக்கூடிய, அந்த வீட்டில் அல்லது அந்த வழியில் இயல்பாக இருக்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும். உருவமில்லாத தீமையை நாலாயிரம் சொல்லுக்குள் நம்பவைப்பது கடினம்; பொருளோ முதல் பத்தியிலேயே கிடந்துவிடலாம், வாசகர் சந்தேகப்பட மாட்டார்.

நம்மிடம் இதற்குப் பஞ்சமில்லை. வேண்டுதலுக்காகக் கோயில் மரத்தில் கட்டிய சிறு தொட்டில்கள் இருக்கின்றன. வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று வலி வரும் என்று பெரியவர்கள் அதட்டுவதுண்டு. பிள்ளையே இல்லாத வீட்டில் யாரோ அதை ஆட்டினால் வலி யாருக்கு வரும் என்ற கேள்வியே ஒரு கதை.

என் எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள்; தலைச்சுமையோடு நடப்பவர் எவருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம்: அவள் இறக்க முடியாத சுமையைப் பிறராவது இறக்கி வைக்கட்டும் என்பதற்காக. இந்த ஒரு செய்தியில் ஆசையும் சாவும் கடனும் சேர்ந்தே இருக்கின்றன. நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பொருளைத் தேடும்போது உண்மையான கோயிலைத் தீமையின் இருப்பிடமாக்காதீர்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். விவரப் பிழை உடனே பிடிபட்டுவிடும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் பிள்ளைப்பேறு வேண்டுபவருக்குத் தருவது நெய், சுகப்பிரசவத்துக்குத் தருவது எண்ணெய். இதை மாற்றி எழுதியவரின் கதையை, அந்த நெய்யை 48 நாள் சாப்பிட்ட வாசகி அடுத்த வரிக்கு மேல் படிக்கமாட்டார்.

5. ஒரு விதி, ஒரே ஒரு புலன்

பொருளுக்கு ஒரு விதி கொடுங்கள். அது ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். பாட்டி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். என் விதி இது: கல்லின் மேல் இருப்பதை யார் எடுக்கிறாரோ அது அவருடையது, திரும்ப இறக்க அந்தக் கல்லை விட்டால் வேறு இடம் இல்லை.

இரண்டாவது விதி தேவைப்படுகிறதென்றால் முதல் விதி சரியில்லை என்று பொருள். அமாவாசை, எலுமிச்சை, தலைச்சன் பிள்ளையின் மண்டையோடு, மலையாள மாந்திரீகர் என்று அடுக்குபவர்கள், வாசகருக்குப் பயத்துக்குப் பதிலாகப் பட்டியலைக் கொடுக்கிறார்கள்.

அடுத்து, திகில் எந்தப் புலன் வழியாக வரும் என்று முடிவெடுங்கள். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தை இதற்காகவே ஒருமுறை திறந்து பார்க்கலாம். 64ஆம் குறள் சிறுகை அளாவிய கூழின் சுவை, 65 மெய் தீண்டலும் சொற்கேட்டலும், 66 மழலை. பிள்ளையின் இன்பம் நாவிலும் தோலிலும் காதிலும் இருப்பதாக வள்ளுவர் சொல்கிறார் என்றால், அச்சமும் அதே வாசல்கள் வழியாகத்தான் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோரம் மிக எளிதாகச் சலித்துப்போகும். நான் தீண்டலை எடுத்துக்கொண்டேன். கைக்குத் தெரியும் பாரம்.

6. விலையை ஆசைக்குள்ளேயே வையுங்கள்

“குழந்தை கிடைத்தது, ஆனால் கணவன் இறந்தான்” என்பது விலை அல்ல, விபத்து. கேட்டது கிடைத்த அதே வடிவத்தில் விலை இருக்க வேண்டும்.

இங்கே என் சறுக்கலைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில், கல்லில் இருந்த முடிச்சை எடுத்துச் சென்ற என் கதைநாயகி வடிவு கர்ப்பமாகிறாள். ஆனால் அந்தக் கல் யார் நினைவாக நடப்பட்டதோ அவள் எட்டாம் மாதத்தில் இறந்ததால், இவளுடைய கர்ப்பமும் எட்டாம் மாதத்திலேயே உறைந்து, நாள் கடந்தும் பிரசவமாகாமல் நிற்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாசித்த செவிலியர் ஒருவர், “42 வாரம் தாண்டவே விடமாட்டார்களே, ஏன் இவளுக்கு அறுவை செய்யவில்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு முட்டாள் மருத்துவரையோ சாலை இல்லாத கிராமத்தையோ நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விலையைக் காப்பாற்றப் புதிய பொய்கள் தேவைப்பட்டால், மாற்ற வேண்டியது விலையைத்தான்.

மாற்றியது இப்படி: கர்ப்பம் இயல்பாகப் போகிறது, 2.8 கிலோவில் குழந்தை பிறக்கிறது. எல்லோரும் கையில் வாங்கி, “பூ மாதிரி இருக்கு” என்கிறார்கள். வடிவின் கையில் மட்டும் அது நாளுக்கு நாள் கனக்கிறது. தராசு சரியாகக் காட்டுகிறது. அவள் கை சரியாகச் சொல்லவில்லை, அல்லது அவள் கை மட்டுமே சரியாகச் சொல்கிறது.

இது முந்தையதைவிட நன்றாக இருப்பதற்குக் காரணம், பேயை எடுத்துவிட்டாலும் அது உண்மையாகவே நிற்பதுதான். தவமிருந்து பெற்ற பிள்ளை கனக்கிறது என்று எந்தத் தாயால் வாய் திறந்து சொல்ல முடியும்?

7. முடிவை நடுப்பகுதிக்கு முன் எழுதிவிடுங்கள்

பிள்ளை ஏக்கக் கதைகள் நடுவில் இழுபடுவது, எழுதுபவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியாததால். முடிவு என்பது இறந்தவளின் முகம் சன்னலில் தெரிவது அல்ல. ஆசை கொண்டவர், விதியை அறிந்த பிறகு, ஒரு செயலைச் செய்கிறார் அல்லது செய்யாமல் விடுகிறார். அந்தக் கணமே முடிவு.

என் கதையில் வடிவு பிள்ளையோடு பேருந்துக்கு நிற்கிறாள். கை தாங்கவில்லை. கல்லின் மேல் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்துகிறாள். பக்கத்தில் நிற்கும் இளம்பெண்ணின் கையில் மருத்துவமனைக் கோப்பு. வடிவுக்கு அந்தக் கோப்பின் நிறம் தெரியும், அதனுள் எத்தனை தாள் இருக்கும் என்பதும் தெரியும். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்: “அக்கா, ஒரு நிமிஷம் தூக்கிக்கட்டுமா?”

வடிவு சொல்லும் ஒற்றைச் சொல்லோடு கதை நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு வரி எழுதினாலும் கெடும். இதை எழுதிவிட்ட பிறகுதான் கதையின் தொடக்கத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

8. பேச்சை அச்சுப் பிசகாமல் கொண்டுவாருங்கள்

கதை நடையைச் செந்தமிழில் வைத்துக்கொள்ளலாம். உரையாடலை வைக்க முடியாது. “நீ கருவுற்றிருக்கிறாயா?” என்று எந்த அத்தையும் கேட்பதில்லை. “ஏதாவது விசேஷம் உண்டா?” என்பார். “நாள் தள்ளிப் போயிருக்கா?”, “முழுகாம இருக்காளாம்”, “இந்த மாசமும் தங்கலையா?” இவையெல்லாம் நேராகச் சொல்லாமல் சொல்பவை; திகிலுக்கு வேண்டிய மூடுதிரையை நம் பேச்சே வைத்திருக்கிறது.

உறவினரைக் கொடுமைக்காரர்களாக்காதீர்கள். அன்பாகக் கேட்கும் சித்தியே அதிகம் குத்துவார், ஏனெனில் அவரிடம் கோபித்துக்கொள்ள வழியில்லை. என் நோட்டில் இருக்கும் மிகக் கொடிய வரி, ஒரு திருமணப் பந்தியில் கேட்டது: “உனக்கென்னம்மா, நிம்மதியா தூங்குற.” சொன்னவர் வாழ்த்தாகத்தான் சொன்னார்.

9. நாள் குறித்து வரைவை எழுதுங்கள்

இப்போது நாட்காட்டியை எடுத்து, காட்சிகளை நாட்களின் மேல் வையுங்கள். முதல் கர்ப்பத்தில் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில்தான் தெரியும்; இரண்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் உதைக்கவைப்பது நான் அடிக்கடி காணும் பிழை. அந்த உதையே அமானுஷ்யம் என்றால், அது சீக்கிரம் என்பதைக் கதையில் யாராவது கவனிக்க வேண்டும்.

பிறந்த பிறகு, தடுப்பூசி அட்டை உங்களுக்குக் காட்சிகளைத் தருகிறது: 6, 10, 14ஆவது வாரங்கள், பிறகு ஒன்பதாம் மாதம். ஒவ்வொரு முறையும் துணை சுகாதார நிலையத்தில் எடை பார்ப்பார்கள். என் கதையின் நடுப்பகுதி முழுவதும் இந்த எடைபோடல்களே. முதல் முறை, தராசைச் சந்தேகிக்கிறாள். இரண்டாம் முறை, செவிலியரின் கையைக் கவனிக்கிறாள். ஒற்றைக் கையால் அலட்சியமாகத் தூக்குகிறார். மூன்றாம் முறை அவளே பிள்ளையைத் தராசில் வைக்கிறாள், வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நிற்கிறாள். மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் வாசகர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார்.

மற்றவர்கள் ஏன் சந்தேகப்படவில்லை என்று கவலைப்பட்டு விளக்கம் எழுதாதீர்கள். ஒரு வணிகனைப் பழிவாங்க வந்த பேயான பழையனூர் நீலி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததாகக் கதை. அது அந்த வணிகனை அப்பா என்று அழைத்ததும் ஊர்ப் பெரியவர்களின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இடுப்பில் பிள்ளை இருக்கும் பெண்ணிடம் எவரும் சான்று கேட்பதில்லை. உங்கள் கதையின் ஊரும் அப்படியே நடந்துகொள்ளும்.

10. திருத்தும்போது இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் கனவுகளை நீக்குங்கள். அலறி எழுந்து வியர்வையைத் துடைக்கும் காட்சி எத்தனை இருந்தாலும் அத்தனையும் போகட்டும்; விழித்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் பயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு கருச்சிதைவுக் காட்சியை, இருந்தால், தனியாக எடுத்துப் படியுங்கள். அது திடுக்கிடவைப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டிருந்தால் வெட்டிவிடுங்கள். படிப்பவர்களில் அதைக் கடந்து வந்தவர்கள் இருப்பார்கள் என்பது ஒரு காரணம். கதையின் ஆசை அங்கே ஓர் அடி கூட நகர்வதில்லை என்பது தொழில்முறைக் காரணம். நகர்கிறதென்றால் இருக்கட்டும், ஆனால் இரத்தத்தைக் குறைத்து, மறுநாள் காலை அந்த வீட்டில் யார் காப்பி போட்டார் என்று எழுதுங்கள்.

மூன்றாவதாக, குழந்தையின் கண்களைப் பாருங்கள். கறுத்த கண், வெளிறிய கண், இமைக்காத கண் என்று எது இருந்தாலும் சாதாரணக் கண்ணாக்குங்கள். பிள்ளை குற்றமற்றதாக இருக்கும்வரைதான் பெற்றவர் தப்பிக்க வழியில்லாமல் நிற்பார். பிள்ளை பிசாசு என்று தெரிந்துவிட்டால் விட்டுவிட்டு ஓடலாம்.

கடைசியாக, இருவருக்குப் படிக்கக் கொடுங்கள்: பிள்ளை பெற்ற ஒருவர், சிகிச்சையில் காத்திருந்த அனுபவம் உள்ள ஒருவர். இரண்டாமவரிடம் கதை எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லி, விருப்பம் கேட்டு, அதன் பிறகே கொடுக்க வேண்டும். “பயமாக இருந்ததா?” என்று கேட்காதீர்கள்; எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். என் கதையில் முதலாமவர் தராசுக் காட்சியில் நிறுத்தினார். இரண்டாமவர் அந்தப் பெண்ணின் கோப்பில் நிறுத்தி, நிறம் மட்டும் தவறு என்றார். மாற்றிவிட்டேன்.